வெள்ளை பூசிய குழிவிரியன்

2007இல் ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில், ஐ.நா. அமைதிப் படையில் இருந்த பிரேசில் பட்டாலியனின் முகாமுக்கு முதல்முறை வண்டி சோதிக்கப் போனபோது என் கையில் இருந்தவை மூன்றே பொருள்கள். கிளிப் மாட்டிய ஒரு அட்டை, ஒரு டார்ச், ஒரு பேனா. இருபத்து நான்கு ஆண்டுகள் இந்திய ராணுவத்தில் வண்டியும் ஆயுதமும் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஸ்பானர் பிடித்தவன் நான். ஓய்வு பெற்று ஊரில் ஒரு வருடம் சும்மா இருந்தபின் ஐ.நா. தன்னார்வலராக ஹெய்ட்டிக்கு வந்தேன். வண்டியைத் தொட்டுப் பழகிய கைக்கு, தொடாமல் பார்த்து எழுதும் வேலை.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது. அமைதிப் படைக்கு ஆள் அனுப்பும் நாடுதான் வண்டி, ஜெனரேட்டர், கூடாரம் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும். அதற்கு ஐ.நா. மாதாமாதம் வாடகை போலப் பணம் தரும். கவச வண்டிக்கு ஒரு தொகை, லாரிக்கு ஒரு தொகை. ஒப்பந்தத்தில் சொன்ன எண்ணிக்கையில் 90 சதவீத வண்டிகளாவது ஓடும் நிலையில் இருக்க வேண்டும். குறைந்தால் பணமும் குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் அதைச் சரிபார்ப்பவர்களில் நான் ஒருவன். இன்ஜின் எடுக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, ரேடியோ பேசுகிறதா, மேலே இருக்கும் துப்பாக்கி வேலை செய்கிறதா, வெள்ளைப் பெயின்ட் ஒழுங்காக இருக்கிறதா. பெயின்ட்டுக்கும் ஒரு கட்டம் உண்டு.

முகாமில் ஆறு சக்கர வண்டிகள் வரிசையாக நின்றன. உடம்பெல்லாம் வெள்ளை, பக்கவாட்டில் கறுப்பில் ஐ.நா. எழுத்துகள். முன்பக்கம் படகின் மூக்கு மாதிரி சரிந்து இறங்கியது. எங்கள் ராணுவத்தில் ரஷ்ய வண்டிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிது. எங்கேசா என்ற பிரேசில் கம்பெனி செய்த வண்டி, பெயர் உருத்து. அது அவர்கள் நாட்டுப் பாம்பு ஒன்றின் பெயர், குழிவிரியன் வகை. எங்கேசாக்காரர்கள் தங்கள் சக்கரக் கவச வண்டிகளுக்குப் பாம்பின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 90 மி.மீ. பீரங்கி வைத்த ஆறு சக்கர வண்டி காஸ்கவெல், அதாவது வாலை ஆட்டிச் சத்தம் எழுப்பும் கிலுகிலுப்பைப் பாம்பு. உளவுக்குப் போகும் நாலு சக்கர வண்டி ஜராராக்கா, அதுவும் ஒரு குழிவிரியன். சுகுரி என்றால் அனகோண்டா. நம் பழந்தமிழில் உருத்து என்றால் ‘சினந்து’ என்று பொருள். வரிசையில் நின்ற வண்டிகளைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பொருள்தான் முதலில் மனதில் வந்தது.

வண்டிகளுக்குப் பொறுப்பான சார்ஜென்டுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சுல்காரர். வயதில் மூத்தவன் என்பதால் என்னை ‘செஞோர்’ என்று மரியாதையாகவே கூப்பிட்டார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்குப் போர்ச்சுகீசியம் பூஜ்யம். கையும் பார்வையும்தான் பேசின.

முதல் வண்டியில் ஓட்டுநர் முன்னால் இடப்பக்கம் உட்காருகிறார். அவருக்கு வலப்பக்கத்திலேயே இன்ஜின். மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். அடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

ராக்கர் கவரின் வடிவம், பக்கத்தில் வரிசையாக ஆறு குழாய் கிளம்பும் டீசல் பம்ப், ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் இடம், எல்லாமே தெரிந்த முகம். மெர்சிடிஸ்-பென்ஸ் ஓ.எம். 352ஏ என்று சார்ஜென்ட் சொன்னார். சிலிண்டரின் குறுக்களவு, அதாவது போர், எத்தனை மி.மீ. என்று விரலால் வட்டம் போட்டுக் கேட்டேன். 97 என்று என் அட்டையின் ஓரத்தில் எழுதினார். பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் 128 என்று நானே எழுதிக் காட்டினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

97க்கு 128, ஆறு சிலிண்டர், 5,675 சி.சி. எங்கள் டாடா 697 இன்ஜினின் அளவும் இதேதான். அந்த வகை இன்ஜினை எத்தனை முறை இறக்கி, லைனர் மாற்றி, திரும்ப ஏற்றியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஊரில் பெரியவர்கள் இன்றைக்கும் பழைய டாடா லாரியைப் பென்ஸ் லாரி என்றுதான் சொல்வார்கள். 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடாவோடு சேர்ந்து மெர்சிடிஸ் லாரி செய்யத் தொடங்கியது. இரண்டே ஆண்டு கழித்து 1956இல் பிரேசிலின் சாவோ பெர்னார்டோவில் சொந்தத் தொழிற்சாலை திறந்தது. ஒரே விதையை இரண்டு கண்டத்தில் ஊன்றியது போல. அங்கே முளைத்தது கவச வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, கரீபியன் தீவு ஒன்றில் என் டார்ச் வெளிச்சத்தில் நிற்கிறது. அன்று முகாமிலிருந்து திரும்பும்வரை எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பிரேசில் ராணுவம் ஏன் லாரி இன்ஜினைக் கவச வண்டியில் வைத்தது என்பதைப் பிறகு தேடிப் படித்தேன். எங்கேசா ஆரம்பத்தில் எண்ணெய்த் துறைக்கான கருவிகள் செய்த கம்பெனி. சேற்றுப் பாதையில் லாரி சிக்கிக்கொள்ளாமல் இருக்க பூமராங் என்ற பின்சக்கர அமைப்பைச் செய்தார்கள். ஒரு பக்கத்தின் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே கையில் ஏற்றமரம் போல மேலும் கீழும் ஆடும். பள்ளம் எப்படி இருந்தாலும் இரண்டும் தரையை விடாது. சாவோ பாவ்லோவில் இருந்த ராணுவத்தின் வண்டிப் பட்டறை, அமெரிக்காவின் இரண்டாம் உலகப்போர் கால எம்-8 வண்டிகளைப் பழுது பார்த்துப் பார்த்தே கவச வண்டியின் சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டது. இந்த இரண்டும் சேர்ந்ததில் காஸ்கவெல் பிறந்தது, கூடவே உருத்து. 1974 வாக்கில் இரண்டும் உற்பத்திக்கு வந்தன. கவசத் தகடும் அவர்கள் நாட்டிலேயே உருவானது. வெளியடுக்கு கடினம், உள்ளடுக்கு இளக்கம். குண்டு பட்டால் வெளியே உடைக்கும், உள்ளே தாங்கும். மற்றதெல்லாம் முடிந்தவரை சந்தையில் கிடைக்கும் லாரி உதிரிபாகம். ஈராக், லிபியா, கொலம்பியா என்று பல நாடுகள் வாங்கின. காஸ்கவெல் மட்டும் 1,700க்கு மேல் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்தக் கம்பெனி ஓசோரியோ என்ற பெரிய டாங்கியைச் செய்தது. 1987இல் சவூதி பாலைவனச் சோதனையில் அமெரிக்க ஆப்ராம்ஸோடு தோளுக்குத் தோள் நின்ற டாங்கி அது. கடைசியில் சவூதி ஆப்ராம்ஸை வாங்கியது. ஓசோரியோ மாதிரி வண்டிகளோடு நின்றுபோனது. அதில் போட்ட பணம் திரும்பவில்லை. 1993இல் எங்கேசா திவால். அந்த டாங்கியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். நல்ல வேலைக்காரர்கள் செய்த நல்ல பொருள், ஒரு படைக்கும் போகவில்லை.

ஆனால் நான் சோதித்த உருத்துகளைச் செய்தவன் செத்துப் பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது. உதிரிபாகம் கேட்டுக் கடிதம் எழுதக்கூட முகவரி இல்லை. அப்படியும் அவை தினமும் ரோந்துக்குப் போய் வந்தன. லாரிச் சாமான் போட்டுச் செய்ததால்தான் அது முடிந்தது. அதோடு பருவேரியில் இருக்கும் ராணுவ ஆயுதசாலை பழைய வண்டிகளைப் பிரித்துப் புதுப்பித்துக் கொடுத்தது. போரையும் ஸ்ட்ரோக்கையும் அட்டை ஓரத்தில் எழுதத் தெரிந்த சார்ஜென்டுகளும் இருந்தார்கள்.

சிட்டே சோலே பக்கம் போகும் வண்டிகளைச் சோதிப்பது தனி அனுபவம். 2007இன் முதல் மாதங்களில் அந்தக் குடிசைப் பகுதியில் ஆயுதக் கும்பல்களோடு கடும் சண்டை நடந்து முடிந்திருந்தது. வண்டி உள்ளே வராமலிருக்க கும்பல்கள் தெருவின் குறுக்கே பள்ளம் வெட்டின, எரிந்த கார்களை அடுக்கின. சில உருத்துகளின் முன்னால் அவற்றைத் தள்ளுவதற்கு இரும்புப் பலகை மாட்டியிருந்தார்கள். பெயின்ட் கட்டத்தை நிரப்புவதற்காக ஒரு வண்டியின் பக்கத் தகட்டை ஒட்டி நடந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் சுத்தமான வெள்ளை. பக்கத்தில் போனால் அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள். விரலை வைத்தால் நுனி உட்காரும் ஆழம். ஒவ்வொரு குழிக்கும் மேலே புதுப் பெயின்ட் பூசியிருந்தது. சில குழிகளில் இரண்டு மூன்று அடுக்கு. படிவத்தில் ‘பெயின்ட்: நன்று’ என்று எழுதினேன். வேறு எதையும் எழுத அதில் இடம் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தெருக்களில் வீடு என்பது தகரமும் மெல்லிய சுவரும். உருத்தின் மேலே இருப்பது பாயின்ட் 50 பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கி. நம்மூர் ஓட்டு வீட்டையே துளைத்துப் போகும் குண்டு, தகரத்தை என்ன செய்யும்? 2005 ஜூலையில் அங்கே நடந்த ஒரு நடவடிக்கையில் பொதுமக்களும் இறந்தார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்லின. துப்பாக்கி வேலை செய்கிறதா என்று பார்த்து ‘ஆம்’ என்று குறிக்கும்போது, அந்த ஒரு சொல் எதற்கெல்லாம் பொருந்தும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. இன்றைக்கும் அந்த நினைப்பு போகவில்லை.

அதே வண்டிகளைப் பற்றி எங்கள் அலுவலக ஓட்டுநர், ஹெய்ட்டிக்காரர், வேறு கதை சொல்வார். 2004 ஆகஸ்டில் பிரேசில் கால்பந்து அணி போர்ட்-ஓ-பிரின்ஸ் வந்து விளையாடியது. ரொனால்டோவும் ரொனால்டின்யோவும் வெள்ளைக் கவச வண்டிகளின் மேல் உட்கார்ந்து ஊர்வலமாகத் திடலுக்குப் போனார்கள். தெரு முழுக்க ஜனம். ஹெய்ட்டி 6-0 என்று தோற்றது. ‘ஆறு கோல் வாங்கியதைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லை’ என்பார். சின்னப் பிள்ளைகள் பிரேசில் சிப்பாய்களைப் பார்த்தால் ‘போன் பகாய்’ என்று கத்துவார்கள். நல்ல ஆள் என்று அர்த்தம்.

ஒரு சோதனையில் ஒரு வண்டிக்கு செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தத்தோடு சரி. விதிப்படி ‘இயங்கவில்லை’ என்று குறிக்க வேண்டும். சின்னப் பழுதென்றால் சோதனை முடிவதற்குள் சரிசெய்து காட்டலாம் என்றும் உண்டு. மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். காலையில் போனால் சார்ஜென்டின் கண் சிவந்திருந்தது, வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கடல் காற்றின் உப்பு கேபிள் முனையில் பச்சையாகப் பூத்திருக்கிறது. கழற்றிய பழைய முனையை ஒரு துணியில் மடித்து எனக்காக எடுத்து வைத்திருந்தார். சுரைக்குடுவை மாதிரி ஒரு பாத்திரத்தில் பச்சை இலைத்தூளைப் போட்டு, ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, ஒரு வெள்ளிக் குழலை நட்டு நீட்டினார். அதன் பெயர் சிமர்ராவ். அவர் ஊரில் ஒரே குடுவை, ஒரே குழல், எல்லோரும் மாற்றி மாற்றிக் குடிப்பார்களாம். கசப்பு நாக்கைப் பிடித்தது. குழலைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த வண்டியில்தான் நோட்டைப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியில் கட்டித் தொங்கிய, எண்ணெய்க் கறை படிந்த நோட்டு. பிரேசில் படை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும்; ஆள் போவார்கள், வண்டி இருக்கும். போகிறவர் வருகிறவருக்கு எழுதி வைத்த குறிப்புகள் அவை. ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் ஒரு கையெழுத்து. இந்த கியர் வண்டி சூடாகும்வரை முரண்டு பிடிக்கும், இந்தக் கதவை இரண்டு முறை இழு என்கிற மாதிரி. சார்ஜென்ட் ஒவ்வொன்றாகச் சைகையில் விளக்கினார்.

வாசலில் காவல் நின்ற சிப்பாயிடம் இருந்ததும் பழைய சொந்தம்தான். எஃப்.ஏ.எல். ரைஃபிள், பிரேசிலியர் வாயில் அது ‘ஃபாவ்’. பெல்ஜியத்தில் பிறந்து, இட்டாஜுபா ஊரின் இம்பெல் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. எம்964 என்று பெயரிலேயே 1964 இருக்கிறது. நான் பயிற்சியில் தூக்கியது அதன் இந்தியத் தம்பி, ஈசாப்பூரில் செய்த எஸ்.எல்.ஆர். குண்டும் ஒன்றே, 7.62. காலி என்று காட்டிவிட்டு அந்தப் பையன் கையில் கொடுத்தான். எங்களுடையதில் மரக்கட்டை, ஒவ்வொரு குண்டாகத்தான் சுடும். அவனுடையதில் பிளாஸ்டிக், தொடர்ந்து சுடும் நிலையும் உண்டு. தோளில் வைத்ததும் கனம் மட்டும் அப்படியே பத்தொன்பது வயதுக் கனம்.

2009இல் என் ஒப்பந்தம் முடிந்தது. கடைசிச் சோதனையில் அந்தச் சார்ஜென்ட் இல்லை. ஊருக்குப் போய் வெகுநாள் ஆகிவிட்டது. புதியவர் நோட்டை நீட்டி என்னையும் எழுதச் சொன்னார். தமிழில் எழுதினேன்: ‘செல்ஃப் கேபிள் முனையில் உப்பு பிடிக்கும். வாரம் ஒருமுறை சுரண்டி கிரீஸ் வைக்கவும்.’ என்ன எழுதியிருக்கிறேன் என்று கையால் சுரண்டிக் காட்டினேன். அவர் அதன் கீழே போர்ச்சுகீசியத்தில் ஒரு வரி சேர்த்தார்.

பிறகு பிரேசில் ராணுவம் புது வண்டிக்குப் போனது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் செத்தே லாகோவாஸில் இவெகோ செய்த குவாரனி, 18 டன். 2014இல் முதலில் பெற்றது பரானா மாநிலத்தின் ஒரு படையணி. அந்தப் படையணி இருக்கும் ஊரின் பெயரும் காஸ்கவெல். பழைய காஸ்கவெல் வண்டிகளையும் கைவிடவில்லை. 2022இல் அவற்றைப் புதுப்பிக்க ஒப்பந்தம் போட்டார்கள் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது.

ஆனால் நான் ஊர் திரும்பிய சில மாதங்களில், 2010 ஜனவரி 12இல், ஹெய்ட்டியில் பூகம்பம். பிரேசில் சிப்பாய்கள் 18 பேர் இறந்தார்கள். ஐ.நா. தலைமையகம் இருந்த கிறிஸ்டோபர் ஹோட்டல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான் மாடியேறி இறங்கிய படிக்கட்டு அது. வேலூர் பக்கம் எங்கள் வீட்டில் டி.வி. முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். தெரிந்த முகம் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு தெரு, இடிபாடு, தண்ணீர் கேன் ஏற்றிய லாரி, அதன் முன்னால் மெதுவாக நகரும் ஆறு சக்கர வெள்ளை வண்டி. செய்தியாளர் பேசிக்கொண்டே இருந்தார். ஒலியைக் கூட்டினேன்.

சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். “எதுக்குப்பா இவ்வளவு சத்தம்?”

“வண்டி ஓடுதும்மா” என்றேன்.