தலை மட்டும் அங்கேயா?

"அங்கே இருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள், ஆயா" என்றேன். 2001 பிப்ரவரியில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போன வாத்தியாராக, பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் சொன்ன பதில். பொய் இல்லை, விதியும் அதுதான். ஆனாலும் இருபத்தைந்து ஆண்டுகளாக அது என்னை விடவில்லை.

பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் குடும்பம் குடும்பமாகப் போய்விடுகிற ஊர். முந்தைய ஆண்டு வீடுகளுக்கு எண் போட வந்தபோது கோழியும் குழந்தையுமாக இருந்த வாசல்களில் பதினான்கு இப்போது பூட்டிக் கிடந்தன. பிப்ரவரி 9 முதல் 28 வரை முழுக்க வெளியூரில் இருப்பவரைச் சொந்த ஊரில் எழுதக் கூடாது. இருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் ஏறிவிடுவார். நியாயமான விதி. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆயாவின் மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள் சூளையில். அந்த வீட்டுக்கு நான் எழுதியது ஒரே ஒருவர். "சூளைக்கு யார் வந்து எழுதுவார்கள், வாத்தியாரே? ரேஷன் இங்கே, ஓட்டு இங்கே, செத்தால் புதைப்பதும் இங்கே. தலை மட்டும் அங்கேயா?" என்று கேட்டார். அதற்குத்தான் அந்தப் பதிலைச் சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். சூளையில் உண்மையிலேயே யாராவது எண்ணினார்களா என்று விசாரிக்கும் எண்ணமே அன்று எனக்கு எழவில்லை.

சில ஆண்டுகள் கழித்துத்தான் இன்னொரு கணக்கு தெரிந்தது. 2000 டிசம்பர் 25 அன்று பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியிருந்தது. சமவெளியில், சாலை இணைப்பு இல்லாத, 500 பேருக்குக் குறையாத குடியிருப்புக்கு எல்லாப் பருவத்திலும் போகக்கூடிய சாலை. அதிலும் 1,000 பேர் உள்ளவற்றுக்கு முன்னுரிமை. தலைகளுக்கு அடிப்படை 2001 கணக்கெடுப்பு. எங்கள் பட்டியலில் அந்த ஊர் ஐந்நூறைத் தொடவில்லை. விடுபட்ட தலைகள் அந்தப் பதினான்கு பூட்டிய வீடுகளுக்கும் ஆயா வீட்டைப் போன்றவற்றுக்கும் உரியவை. சூளையில் அவர்களை யாராவது எண்ணியிருந்தாலும் அந்தத் தலைகள் சூளை இருக்கும் ஊருக்குத்தான் சேர்ந்திருக்கும். அங்கேயோ லாரி போக ஏற்கெனவே சாலை இருந்தது.

நான் எழுதியிருந்தால் மட்டும் பஸ் வந்திருக்குமா? சாலை போட்டும் பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களை நானே அறிவேன். இந்த ஊருக்கும் வெகுகாலம் கழித்து வேறொரு திட்டத்தில் சாலை வந்தது, பஸ் வரவில்லை. 2021இல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தபோதும் அந்த ஊர்ப் பெண்கள் நான்கு கிலோமீட்டர் நடந்தோ, ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தோதான் அந்த இலவசத்தை எட்ட வேண்டியிருந்தது. கிராம வசதிகளைக் குறிக்கும் படிவத்தில் அந்தத் தூரம் "5 கிலோமீட்டருக்குள்" என்று ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். தலையில் மூட்டையோடு நடப்பவருக்கும் அதே கட்டம், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண்ணுக்கும் அதே கட்டம்.

ஆக, தவறு செய்தேன் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. தவறில்லை என்று சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் ஆயாவின் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. விதியை மீறியிருக்க வேண்டியதில்லை. மேலதிகாரியிடம் "இந்த ஊரில் பிப்ரவரியில் ஆள் இருக்காது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். அதற்கு எந்த விதியும் தடை போடவில்லை. அன்று எனக்கு இரண்டு தெரு பாக்கி இருந்தது.

அடுத்த கணக்கெடுப்புக்கும் 2027 மார்ச் 1தான் கணக்கு நாள்; தலை எண்ணுவது மறுபடியும் பிப்ரவரியில்தான். ஆசிரியையாக இருக்கும் என் தங்கை மகள், "பூட்டிய வீடு வந்தால் என்ன செய்வது, மாமா?" என்று கேட்டாள். கையேட்டில் உள்ளபடி செய் என்றேன். பிறகு, அக்கம்பக்கத்தில் விசாரித்து எத்தனை பேர், எந்தச் சூளை, எந்த ஊர் என்று தனித்தாளில் குறித்து வைத்துக்கொள் என்றேன்.

"அந்தத் தாளை யாரிடம் கொடுப்பது?" என்றாள்.