வயர் வேலையில ஆரம்பிச்ச ரோபோ புரொபசர்

நம்ம வீடுகள்ல ஒரு பையனுக்கு ஸ்கூல் முடிக்கிற எஸ்பிஎம் பரீட்சை ரிசல்ட் சரியா வரலன்னா போதும், வீடே சாவு வீடு மாதிரி ஆயிடும், பெரியம்மால இருந்து பக்கத்து வீட்டு ஆன்ட்டி வரைக்கும் "இனி இவன் அவ்ளோதான்"னு முடிவே கட்டிடுவாங்க. அப்படி பேசுறவங்க கிட்ட நான் எப்பவும் நோயல் ஷார்க்கி பத்திதான் சொல்வேன்.

பிபிசியில 1998ல வந்த, ரோபோக்களை மோத விடுற ரோபோட் வார்ஸ் ஷோவை யூடியூப்ல பாத்திருப்பீங்க, அதுல ஜட்ஜா உக்காந்திருப்பாரே அவர்தான். டைம் முடிஞ்சும் ரெண்டு ரோபோவும் ஓடிட்டு இருந்தா, எது நல்லா அடிச்சுது, எதுக்கு டேமேஜ் அதிகம், யாரு கன்ட்ரோல் நல்லா பண்ணாங்கன்னு பாத்து ஜட்ஜுங்கதான் தீர்ப்பு சொல்லணும். 2016ல ஷோ திரும்ப வந்தப்பவும் அவர் இருந்தாரு.

1948ல பெல்ஃபாஸ்ட்ல பிறந்தவர், 15 வயசுலயே ஸ்கூல விட்டுட்டாரு. எலக்ட்ரீஷியன் கிட்ட வேலை கத்துக்கிட்டாரு, மனநல நர்ஸா இருந்தாரு, மியூசிக் வாசிச்சாரு, அதுக்கப்புறம்தான் படிப்பு பக்கம் வந்து எக்ஸிட்டர் யூனிவர்சிட்டியில டாக்டரேட் வாங்கி, கடைசியில ஷெஃபீல்ட் யூனிவர்சிட்டியில ரோபோட்டிக்ஸ் புரொபசர் ஆனாரு. வயர் புடிச்ச கைக்கு ரோபோ புரியாதா என்ன?

எங்க அண்ணன் மகனும் வயர்மேன் கோர்ஸ்தான் படிக்கிறான். செந்தூல்ல எங்க தாமான் பிள்ளைங்க ஜாலான் பாசார்ல பார்ட்ஸ் வாங்கிட்டு வந்து ஒரு குட்டி ரோபோ செஞ்சாங்க, மோட்டர் சும்மா நடுங்குது, சொன்ன பேச்சு கேக்கல, எல்லாரும் கோடிங்லதான் தப்புன்னு லேப்டாப்பையே நோண்டிட்டு இருந்தாங்க. இவன் வந்து வயரை ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தான், மோட்டர் பேட்டரியோட கிரவுண்டும் (நெகட்டிவ் பக்கம்), ரோபோவுக்கு மூளையா இருக்குற ஆர்டுயினோ போர்டோட கிரவுண்டும் சேரவே இல்ல. ஒரே ஒரு வயர் போட்டான், வண்டி நேரா ஓடுச்சு. பொடிசுங்க எல்லாம் அவனை "அண்ணே அண்ணே"ன்னு சுத்தி வந்ததைப் பாக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி ஷார்க்கிக்கு வர்றேன். 2002ல ரோதர்ஹம் ஊர்ல மேக்னா சயின்ஸ் சென்டர்ல வேட்டையாடுற ரோபோ, தப்பிச்சு ஓடுற ரோபோன்னு ரெண்டு கூட்டத்தை விட்டு அதுங்களா கத்துக்குதான்னு பாத்தாரு. அதுல காக்னு பேர் வெச்ச ஒரு ரோபோ, கொஞ்ச நேரம் யாரும் பாக்காதப்ப நைசா வெளிய போயி கார் பார்க் வரைக்கும் போயிடுச்சு, ஒரு காரு மோதியிருக்கும், ஜஸ்ட் மிஸ்.

ஆனா நான் அவரை ரொம்ப மதிக்கிறது இதுக்கெல்லாம் இல்ல. மனுஷன் தலையிடாமலே ஆளைத் தேர்ந்தெடுத்து சுடுற மெஷின் வரக்கூடாதுன்னு 2007லயே பேப்பர்ல எழுதினாரு, 2009ல மத்த ஆராய்ச்சியாளர்களோட சேர்ந்து அதுக்குன்னே ஒரு குழு ஆரம்பிச்சாரு, 2013ல கில்லர் ரோபோ எதிர்ப்பு இயக்கம் லண்டன்ல தொடங்கினப்பவும் முன்னாடி நின்னாரு, ஜெனீவாவுல ஐநா கூட்டத்துலயும் போய் பேசினாரு. டிவியில வர்ற புரொபசர்னா சும்மா ஷோ காட்டுறவர்னு சிலர் நினைக்கிறாங்க, எனக்கு அப்படி தோணல. சனங்களுக்கு தெரிஞ்ச முகமா இருந்ததாலதான் இந்த விஷயத்தை பேசும்போது சாதாரண ஆளுங்களும் நின்னு கேட்டாங்க. ஒரு குழந்தைக்கும் ராணுவ வீரனுக்கும் வித்தியாசம் தெரியாத மெஷின் கையில துப்பாக்கி குடுக்காதீங்கன்னு ரோபோவையே காலமெல்லாம் நேசிச்ச ஒருத்தர் சொன்னா, அதை கேக்கத்தான் வேணும்.