தாளிக்காத பருப்பு

ஏதென்ஸ் வந்த புதிதில், தாவெர்னா என்கிற ஒரு சாப்பாட்டுக் கடையில் மஞ்சளாகக் கடைந்த பருப்பைத் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார்கள். மேலே ஆலிவ் எண்ணெய், பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், கேப்பர் மொட்டு. பார்த்ததுமே பசி எடுத்துவிட்டது. "சோறு எங்கே?" என்று கேட்டேன். பரிமாறியவர் ரொட்டிக் கூடையை என் பக்கம் நகர்த்தினார். பருப்பு ஆறிப்போய் வேறு இருந்தது. போதாக்குறைக்கு ஒரு எலுமிச்சைத் துண்டு!

அதன் பேர் ஃபாவா. அதிலும் சாந்தோரினித் தீவு ஃபாவாதான் உசத்தி. மழை சரியாகப் பெய்யாத எரிமலை மண்ணில், கடல் ஈரத்தைக் குடித்து வளர்கிற செடி. அங்கே அக்ரோதிரியில் எரிமலைச் சாம்பலுக்கடியில் புதைந்த ஊரைத் தோண்டியபோது இதே பருப்பு கிடைத்ததாம். மூவாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தியது. நம் ஊரில் பேர் கெட்டுப்போன கேசரிப் பருப்புக்கு இது பங்காளி முறை. ஆனால் கடையில் விலையைப் பார்த்தால் துவரம்பருப்பே பரவாயில்லை என்றாகிவிடும்.

இங்கே எல்லாவற்றுக்கும் ஊர் சொல்ல வேண்டும். பிஸ்தா என்றால் எகினாத் தீவு, சோம்பு மணக்கும் ஊசோ சாராயம் என்றால் லெஸ்போஸ் தீவின் ப்ளொமாரி. மஸ்திகா பிசின் கியோஸ் தீவின் தென்பகுதிக் கிராமங்களில்தான். மணப்பாறை முறுக்கு, திருநெல்வேலி அல்வா என்று வளர்ந்தவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஃபெட்டா பாலாடைக்கட்டிக்காக நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்! டென்மார்க்கும் ஜெர்மனியும் மல்லுக்கட்டிய வழக்கில், அந்தப் பேர் கிரேக்கத்துக்கு மட்டும்தான் என்று 2005-இல் தீர்ப்பு வந்தது. செம்மறிப்பால் குறைந்தது நூற்றுக்கு எழுபது பங்கு, மிச்சம் வெள்ளாட்டுப்பால். பசும்பாலுக்கு இடமே இல்லை.

எல்லாம் பழகிவிட்டது என்றுதான் ஊருக்குப் போனில் சொல்கிறேன். ஐஸ் மிதக்கும் ஃப்ரெடோ காப்பிகூடச் சரி. அந்தப் பருப்பு மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அம்மா இரும்புக் கரண்டியில் நெய் காயவைத்து, கடுகு வெடித்ததும் பூண்டும் காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் போட்டுச் சட்டியில் கவிழ்ப்பாள். அந்தச் 'சொய்ங்' சத்தத்துக்கே தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவன் வீட்டுக்கு ஓடி வருவேன். இவர்களுக்குப் பருப்பு உண்டு, எண்ணெய் உண்டு, வெங்காயம் உண்டு. ஒரு சிட்டிகைக் கடுகு போட யாருக்குமா தோன்றவில்லை? மூவாயிரத்தைந்நூறு வருஷமாக!

அப்புறம் நானே ஃபாவா வாங்கி வேகவைத்துத் தாளித்தேன். வாசனை பிடித்து வந்த வீட்டுக்கார அம்மா சாந்தோரினிக்காரர். ஒரு தட்டு நீட்டினேன். கடுகை விரலால் ஒதுக்கிப் பார்த்தார், எலுமிச்சை கேட்டு வாங்கிப் பிழிந்துகொண்டார், தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"நன்றாக இருக்கிறது பிள்ளை. ஆனால் இதை ஃபாவா என்று வெளியே யாரிடமும் சொல்லிவிடாதே."