கையெழுத்துக்கு முன்னால் அம்மா கேட்ட கேள்விகள்

எங்கள் தோட்டத்திலும் பக்கத்து டிவிஷனிலும் சிலர் என்னிடம் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "பெரியாஸ்பத்திரியில ஆய்வுல சேரச் சொல்றாங்க, கையெழுத்துப் போடலாமா, ஏதாச்சும் பண்ணிருவாங்களா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட அம்மாவுக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். நான் இலங்கையில் பூண்டுலோயாப் பக்கம், தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர், இப்போது பென்ஷன் எடுத்துவிட்டார்.

முதலில் வந்தது வாய்க்குள் எரிச்சல்தான். காரமான கட்டச் சம்பல் வாயில் பட்டால் கண்ணில் தண்ணி வரும், அதனால் ரொட்டியை வெறும் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். பிறகு திருவிழாவில் ஒரு வடையைக் கடிக்கப் போனபோது வாய் அந்த அளவுக்குத் திறக்கவில்லை, பிய்த்துப் பிய்த்து ஓரமாக உள்ளே தள்ளினார். மருந்துசாலைக்குப் போனால் வாய்ப்புண் என்று விற்றமின் மாத்திரை கொடுத்தார்கள், முடிந்ததும் மறுபடியும் அதே மாத்திரை. ஒருவரும் டோர்ச் அடித்துக் கன்னத்துக்குள் பார்க்கவில்லை. எனக்கு அதில் இன்னமும் கோபம் உண்டு. வாய்க்குள் பார்ப்பதற்குப் பெரிய டொக்டர் வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து 28,000க்கு மேற்பட்டவர்களின் வாயைப் பார்க்க வைத்து, புற்றுநோயையும் அதற்கு முந்திய நிலைகளையும் அவர்களாலும் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள், அது உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 1984இலேயே வந்துவிட்டது. இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதல் இடம் வாய்ப்புற்றுநோய்க்குத்தான். லயத்து வீடுகளுக்கு வருகிற மருத்துவிச்சி கையில் ஒரு டோர்ச் இருந்தால் எத்தனை பேரை முன்கூட்டியே அனுப்பலாம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டவுன் ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் பார்த்த டொக்டர் உடனே கடிதம் எழுதிப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டார். விடிவதற்கு முன்னமே பஸ் ஏறினால்தான் கண்டிப் பக்கம் போய் நம்பர் எடுக்க முடியும். அங்கே வாய் முக சத்திரசிகிச்சைப் பிரிவு என்று தனியாக இருக்கிறது. டொக்டர் முதலில் அம்மாவின் மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொன்னார். ஒரு விரல் போனது, இரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. பிறகு கன்னத்துக்குள் விரலை விட்டு அழுத்திப் பார்த்துவிட்டு, கையுறை போட்டு என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழாக நாண் கட்டினது போல விறைத்த பட்டைகள். தோலுக்கு அடியில் நார் படிந்து இறுகிப் போகிற நோய் இது, காரணம் பாக்கு என்றார். "நான் போயிலையே போடுறதில்லையே டொக்டர், வெறும் வெத்தில பாக்குதான்," என்றார் அம்மா. எங்கள் பக்கம் எல்லோரும் நம்புவதும் இதைத்தான், புகையிலை இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாது என்று. அப்படி இல்லை. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும் வெறும் பாக்கையும் கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குகிறவை என்ற முதல் பிரிவில் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இலேயே போட்டுவிட்டது.

இடது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டும் இருந்ததால் அதில் ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். 'துண்டு எடுக்கிறது' என்று கேட்டவுடன் எங்கள் ஆட்கள் எழுந்து வந்துவிடுகிறார்கள், கத்தி பட்டால் பரவும் என்று ஒரு பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. விறைப்பு ஊசி போடும்போது மட்டும் வலித்தது. எடுத்த துண்டு ஒரு பருப்பு அளவுகூட இல்லை, அதை மருந்துத் தண்ணீர் போத்தலில் போட்டுப் பெயர் ஒட்டி, இரண்டு தையல் போட்டு அனுப்பினார்கள். சூடில்லாமல் கஞ்சி குடிக்க வேண்டியதாகிவிட்டது, அவ்வளவுதான். முடிவு வந்தபோது புற்றுநோய் இல்லை, ஆனால் உயிரணுக்களில் லேசான மாற்றம் தொடங்கியிருக்கிறது என்றிருந்தது. இது முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்புகிற நோய் இல்லை, பாக்கை நிறுத்த வேண்டும், ஆயுளுக்கும் கிளினிக் வர வேண்டும் என்று மறைக்காமல் சொன்னார்கள். அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆய்வுப் பேச்சு வந்தது. வாயைத் திறக்க வைக்கிற பயிற்சியை இரண்டு விதமாகச் செய்ய வைத்து எதில் பலன் அதிகம் என்று பார்க்கிறார்கள். ஒரு குழு மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு இடையில் வைக்க வேண்டும், மற்றக் குழுவுக்குத் திருகித் திருகி அகட்டுகிற ஒரு சின்னக் கருவி. யார் எந்தக் குழு என்பது ஒட்டின கவருக்குள் இருக்கும். நீட்டின படிவம் சிங்களத்தில் இருந்தது. தமிழில் தாங்க என்று கேட்டேன், உள்ளே போய் எடுத்து வந்து தந்தார்கள். இதை முக்கியமாக எழுதுகிறேன், ஏனென்றால் கேட்காமல் இருந்திருந்தால் யாரும் தந்திருக்க மாட்டார்கள். தகவல் தாளை நமக்கு விளங்குகிற மொழியில் தர வேண்டியது அவர்கள் கடமை, நாம் கேட்பது சலுகை இல்லை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு அடுத்த கிளினிக்கில் பதில் சொல்கிறோம் என்றும் சொன்னேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் வரிக்கு வரி வாசித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுச் சித்தி வந்து உட்கார்ந்துகொண்டு, "நம்மள வச்சுப் பாத்துட்டு வெள்ளக்காரனுக்கு மருந்து செய்வாங்க," என்றார். அம்மா அதற்குப் பதில் சொல்லாமல், தான் கேட்க வேண்டியதையெல்லாம் என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். இடையில் விட்டால் வைத்தியம் நிறுத்துவார்களா? என் முகப் படத்தை எங்கேயாவது போடுவார்களா? வெட்டி எடுத்த துண்டை என்ன செய்வார்கள்? பஸ் காசு யார் தருவது? எனக்கு எது நல்லதோ அதைக் கொடுக்காமல் ஏன் கவர் எடுத்துப் பார்த்துக் குழு பிரிக்க வேண்டும்?

கடைசிக் கேள்விதான் அம்மாவை உறுத்தியது. ஆய்வு டொக்டர் தமிழ்ப் பிள்ளை, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு விளக்கினார். "அம்மா, ரெண்டுல எது நல்லதுன்னு எங்களுக்கே நிச்சயமாத் தெரியாது. தெரிஞ்சா அதையே எல்லாருக்கும் குடுத்துருவோம். நானே ஆள் பாத்துப் பிரிச்சா, வாய் நல்லாத் திறக்கிறவங்கள எனக்குப் பிடிச்ச பக்கம் போட்டுருவேன், அப்ப முடிவு பொய்யாப் போயிடும். அதான் ஒட்டின கவர்." அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சரி," என்றார். மற்றக் கேள்விகளுக்கும் நேரான பதில் கிடைத்தது. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், வழக்கமான வைத்தியம் அப்படியே நடக்கும். படம் எடுத்தால் வாய் மட்டும்தான், பெயருக்குப் பதில் ஒரு இலக்கம். துண்டை இந்த நோய் சம்பந்தமாக அல்லாமல் வேறு எதற்கும் பாவிக்கக்கூடாது என்று படிவத்தில் தனிக் கட்டம் இருந்தது, அதில் அடையாளம் போட்டோம். பஸ் காசு தந்தார்கள், அதற்கு மேல் பணம் இல்லை. பணம் நிறையத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நான் யோசித்திருப்பேன். கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், ஆனால் ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் பக்கத்தில் இருந்து, படித்துக் காட்டியது சரி என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழு அனுமதித்த விபரமும் பதிவு இலக்கமும் தாளில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சிகிச்சைகளை இப்படி ஒப்பிட்டுப் பார்க்கிற ஆய்வுகளைப் பதிய நம் நாட்டில் 2006 முதல் ஒரு பதிவேடு இருக்கிறது, போனில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

ஊர் பூண்டுலோயா என்றதும் அந்த டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் அறிஞரும் அவருடைய ஆட்களும் டன்சினன், ஹரோ என்ற எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் ஈறையும் பல்லையும் அளந்திருக்கிறார்கள், திரும்பத் திரும்ப வந்து பதினைந்து வருஷம் அளந்திருக்கிறார்கள். 2010இல் ஆய்வாளர்கள் மறுபடியும் போய்ப் பார்த்தபோது அந்த 480 பேரில் 75 பேரைப் பார்க்க முடிந்தது. பல் வைத்தியமே எட்டாத மனிதர்களிடம் ஈறு நோய் தன் பாட்டில் எப்படிப் போகிறது என்று அறிவதுதான் நோக்கம். சுமார் 8 வீதம் பேருக்கு வேகமாகவும் 81 வீதம் பேருக்கு நடுத்தரமாகவும் கெட்டது, 11 வீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் முற்றவே இல்லை என்ற அந்தக் கணக்கை உலகம் முழுக்கப் பல் வைத்தியம் படிக்கிறவர்கள் படிக்கிறார்களாம். எனக்கு அதைக் கேட்டுப் பெருமையும் வந்தது, தொண்டையும் அடைத்தது. அந்த அறிவு உலகத்துக்குத் தேவைதான், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அளக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற எனக்கு இது தெரியாமல் இருந்திருக்கிறதே. அதனால் அன்றைக்கே கேட்டு வைத்தேன், இந்த ஆய்வின் முடிவு எங்களுக்குத் தமிழில் வேண்டும் என்று.

கவரில் அம்மாவுக்கு வந்தது மரக்குச்சி. டொக்டர்மார் நாக்கை அழுத்திப் பார்ப்பார்களே, அந்தத் தட்டைக் குச்சிதான். எத்தனை குச்சி இறுக்கமில்லாமல் போகிறதோ அத்தனையை அடுக்கி நூலால் கட்டி, முன்பல்லுக்கு நடுவில் வைத்து, இன்னொன்றை இடையில் செருக வேண்டும். செருகும்போது கன்னம் இழுபட்டு அம்மாவின் கண் தன்னால் மூடிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஐந்து தரம். மணிக்கூடு பார்க்கிற பழக்கம் இல்லாததால் பேர் பதிகிற காலைப் பிறட்டு, தேத்தண்ணி நேரம், கொழுந்து நிறுக்கிற நேரம் என்று அவருடைய பழைய வேலை நேரங்களையே கணக்காக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தரமும் கொப்பியில் சரி அடையாளம் போட வேண்டும். சாவு வீட்டுக்குப் போன நாளில் செய்யவில்லை, டொக்டர் மனம் நோவாரே, போட்டு விடு என்றார் அம்மா. நான் போடவில்லை. வெறும் கட்டம் எங்களுக்கு உதவும், பொய் அடையாளம் எல்லோரையும் ஏமாற்றும் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அளக்கிற நாளில் இன்னொரு விதி, எந்தக் குழு என்று அளக்கிறவரிடம் சொல்லக்கூடாது. அம்மா குச்சிக் கட்டைப் பைக்குள் அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு உள்ளே போவார்.

பயிற்சியை விடக் கஷ்டம் பாக்கை விடுவதுதான், அதில் சந்தேகமே இல்லை. மழைக்குள் குளிரில் நின்று பறிக்கிறவர்களுக்கு அது சூடு, பசிக்கு ஒரு தாக்காட்டல், அட்டை கடித்தால் அப்புவதற்குச் சுண்ணாம்பும் அதே வெற்றிலைப் பைக்குள். அந்தப் பையை அம்மா தூக்கிப் போடவில்லை, பாக்குக்குப் பதில் பெருஞ்சீரகம் போட்டு இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். முதல் வாரங்களில் தலையிடி, எரிச்சல், எல்லோர் மேலும் கோபம். வெற்றிலை கொடுக்க வருகிறவர்களிடம் "டொக்டர் வேணாம்னுட்டார்" என்று நாங்களே முந்திக்கொண்டு சொன்னோம், அது உதவியது.

சேரும்போது மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் 19 மில்லிமீற்றர். கடைசியாக அளந்தபோது 25. வளர்ந்தவர்களுக்குச் சாதாரணமாக 35க்கு மேல் இருக்க வேண்டும், அதனால் இன்னும் தூரம் இருக்கிறது, ஆனால் வடையைப் பிய்க்காமல் கடிக்கிறார். இதற்கு மேல் திறக்காவிட்டால் அந்தப் பட்டைகளை வெட்டிவிட்டுக் கன்னத்துக் கொழுப்பை இழுத்து மூடுகிற சத்திரசிகிச்சை இருக்கிறதாம், அதைச் செய்தாலும் பிறகு குச்சிப் பயிற்சியை விட முடியாது, விட்டால் மறுபடியும் இறுகிவிடும். வெள்ளைத் திட்டை ஒவ்வொரு கிளினிக்கிலும் அளந்து படம் எடுக்கிறார்கள், மாற்றம் தெரிந்தால் மறுபடியும் துண்டு எடுப்பார்கள்.

கையெழுத்துப் போட்ட படிவத்தில் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி அம்மாவின் கிளினிக் கொப்பியோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறேன், அதில் ஆய்வு டொக்டரின் தொலைபேசி இலக்கமும் முறைப்பாடு சொல்ல நெறிமுறைக் குழுவின் இலக்கமும் இருக்கின்றன. அது கையில் இல்லாமல் வீட்டுக்கு வந்தவர்கள் அடுத்த முறை போகும்போது கேளுங்கள். சேருவதா என்று யோசிக்கிறவர்கள் தமிழ்த் தாளை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டபின் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து வாசிக்கலாம்.