வீட்டில் ஆள் இருக்கும்போதே மராமத்து: திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருபது, இருபத்தைந்து வருடம் ஆன அடுக்குமாடிகளில் பால்கனியின் அடிப்பக்கம் உதிர்வதைப் பார்க்கலாம். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் தொடங்கிவிடும். காற்றில் வரும் உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் தேவைப்படுவதால் மேலுறை வெடித்து விழுகிறது.

இதைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார்கள் இங்கே உண்டு. பெரும்பாலும் இல்லாமல் போவது, ஆட்களை உள்ளே குடிவைத்துக்கொண்டே அதைச் செய்வதற்கான திட்டம். புதுக் கட்டிடம் என்றால் கேட்டைப் பூட்டினால் வெளியாள் வரமாட்டார். மராமத்தில் அந்தக் கேட்டுக்குள்தான் குழந்தை விளையாடுகிறது, வயதானவர் காய்கறி வாங்க இறங்குகிறார். அதனால் திட்டத்தைக் காண்ட்ராக்டரின் வேலை அட்டவணையிலிருந்து தொடங்கக் கூடாது. அங்கே வாழ்பவர்களின் ஒரு நாளிலிருந்து தொடங்க வேண்டும். தரைத்தளத்தில் கார் நிறுத்தம், மேலே நான்கு மாடி, மாடிக்கு மூன்று வீடு, ஒரே ஒரு மாடிப்படி என்று ஒரு கட்டிடத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதல் வேலை, பன்னிரண்டு வீட்டுக்கும் போய்ப் பதிவேடு எழுதுவது. எத்தனை பேர், படி இறங்க முடியாதவர் யார், ஆஸ்துமா யாருக்கு, ஆக்சிஜன் கருவி ஓடுகிறதா, கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா, பகலில் தூங்குபவர் யார். கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுவார்கள். இரவுப் பணி முடித்த நர்ஸும், விடியற்காலையில் கடலிலிருந்து திரும்பியவரும் காலை பத்து மணிக்கு நல்ல உறக்கத்தில் இருப்பார்கள். காங்கிரீட் உடைக்கும் பிரேக்கர் ஓடத் தொடங்குவதும் அதே நேரம்தான். இந்தப் பதிவேடு சங்கச் செயலாளரிடமும் பொறியாளரிடமும் மட்டும் இருக்க வேண்டும். யாருடைய நோயும் அறிவிப்புப் பலகைக்கு வரக் கூடாது.

அடுத்து காலம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் 30 அன்று. ஆண்டுக் கடைசியில் சாரத்தை நிற்கவிடுபவர்கள் அந்தத் தேதியை மறக்கக் கூடாது. வெளிச்சுவர் வேலைக்கு நல்ல காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஆனால் மார்ச்சில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பொதுத்தேர்வு எழுதும். எனவே கொத்தும் வேலை எல்லாம் ஜனவரியிலும் பிப்ரவரி முற்பாதியிலும் முடிய வேண்டும். மார்ச்சுக்குப் பூச்சும் பெயின்டும்தான் மிஞ்ச வேண்டும். ஏப்ரல், மே மாதத்துக்கு இழுத்துவிட்டால் கோடை மழை ஒரு பக்கம், நாள் முழுக்க வீட்டில் இருக்கும் பிள்ளைகள் மறுபக்கம்.

இனி கட்டிடத்தின் எலும்புக்கு வருவோம். இங்கேதான் உயிர் போகும் தவறுகள் நடக்கின்றன. பால்கனியும் சன்ஷேடும் ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளவை. அவற்றின் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் இருக்கிறது, அடியில் இல்லை. அடியில் உதிர்வதைப் பார்த்து ஆள் பயப்படுவார். நீர்க்கசிவுக்காக மேல் தரையைக் கொத்தும்போது பயப்படமாட்டார். சுவரோடு சேரும் இடத்தில் ஓர் அடி அகலத்துக்கு மேல்பக்கத்தைக் கொத்தி, அந்தக் கம்பி துருவில் இளைத்தும் போயிருந்தால், கொத்திய இடிபாட்டின் எடையே அந்தப் பால்கனியைக் கீழே இறக்கப் போதும். ஆகவே முதல் சுத்தியல் விழும் முன் முட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்த முட்டிலும் கவனம் வேண்டும். நான்காம் மாடிப் பால்கனிக்கு மூன்றாம் மாடிப் பால்கனியில் முட்டு நிறுத்தினால் எடை மூன்றாம் மாடிக்குப் போகிறது. அதுவும் அதே வயது, அதே துரு. முட்டுகள் ஒரே நேர்க்கோட்டில் ஒவ்வொரு மாடியாகத் தரை வரை இறங்க வேண்டும். தரையில் பலகை போட்டு அதன்மேல் நிற்க வேண்டும். ஜாக்கியைத் திருகித் தளத்தைத் தூக்க முயலக் கூடாது. தொட்டு நின்று எடையை வாங்கினால் போதும். எத்தனை முட்டு, எந்த இடத்தில் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் வரைந்து கொடுக்கட்டும். முட்டு நிற்கும் நாள்களில் அந்தப் பால்கனி வரிசையின் கதவுகள் நான்கு மாடியிலும் பூட்டியே இருக்க வேண்டும். துணி காயப்போட வேறு இடம் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள், இல்லையென்றால் திறந்துவிடுவார்கள்.

தூண்களும் அப்படித்தான். கார் நிறுத்தத் தூண்களில் உறையைக் கொத்தும்போது பக்கத்துத் தூண்களை ஒரே நேரத்தில் தொடக் கூடாது. ஒரு தூணிலும் நான்கு முகத்தையும் ஒருசேர உரிக்கக் கூடாது. நெடுக்குக் கம்பிகளைச் சுற்றியுள்ள வளையக் கம்பி அற்றிருந்தால் வேலையை நிறுத்திப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அந்த வாரம் அங்கே ஒரு வண்டியும் நிற்கக் கூடாது.

சாரத்துக்குச் சவுக்குக் கம்பும் கயிறும் இந்த உயரத்துக்கு வேண்டாம். இரும்புக் குழாய்ச் சாரமே கேளுங்கள். பலகை அகலம் குறைந்தது 60 சென்டிமீட்டர், இடுப்புயரத்தில் ஒரு கைப்பிடிக் குழாய், நடுவில் ஒன்று, காலடியில் 15 சென்டிமீட்டர் தடுப்புப் பலகை. அந்தக் காலடித் தடுப்பைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள். கரண்டி உருண்டு கீழே நடப்பவர் தலையில் விழாமல் காப்பது அதுதான். சாரத்துக்கான இந்திய நெறி ஐ.எஸ். 3696. ஒப்பந்தத்தில் அந்த எண்ணை எழுதிவிடுங்கள்.

சாரத்தைச் சுவரோடு கட்டும் கட்டுகளில்தான் இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றின் வேகத்துக்கு முப்பந்தலின் காற்றாலைகளே சாட்சி. பச்சை வலை போர்த்திய சாரம் அந்தக் காற்றில் பாய்மரம் போல இழுக்கும். உயரத்தில் 4 மீட்டருக்கும் நெடுக்கில் 6 மீட்டருக்கும் ஒரு கட்டு என்பது வலை இல்லாத சாரத்துக்கான தொடக்கக் கணக்கு. வலை போட்டால் நெருக்க வேண்டும். ஜன்னல் கிரில், மழைநீர்க் குழாய், சன்ஷேடு இவற்றில் கட்டவே கூடாது. கட்டைச் சுவரில் பிடிக்கவைக்கும் ஆங்கர் போல்ட்டை உதிர்கிற காங்கிரீட்டில் அடித்துப் பயனில்லை. சுத்தியலால் தட்டினால் பொள்ளல் ஓசை வராத பீமிலோ தூணிலோ அடித்து, சிலவற்றை இழுத்துச் சோதித்த பிறகே சாரத்தை ஏற்ற வேண்டும். காற்று எழும்பும் முன்னறிவிப்பு வந்தால் வலையைச் சுருட்டிவிட வேண்டும்.

சாரத்தின் கால் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். நம் வளாகங்களில் செப்டிக் டேங்க் பெரும்பாலும் சுவரை ஒட்டியே இருக்கும், மேலே மண்ணோ டைல்ஸோ மூடியிருக்கும். அதன் மூடி சாரத்தின் காலையோ இடிபாடு அள்ள வரும் லாரியையோ தாங்க அமைத்ததல்ல. தோண்டிப் பார்த்து, எல்லையைச் சுண்ணாம்பால் கோடு போட்டு, கால்களை அதற்கு வெளியே தள்ள வேண்டும். கிணறு இருந்தால் பலமான கம்பி வலையால் மூட வேண்டும். இரவில் சாரத்தின் முதல் ஏணியைக் கழற்றிப் பூட்டி வைக்க வேண்டும். அதில் ஏறுவது திருடன் மட்டுமல்ல, விடுமுறையில் பத்து வயதுப் பையனும் ஏறுவான்.

இடிபாட்டை மேலிருந்து எறிவது எந்த நேரத்திலும் கூடாது, “கீழே யாரும் இல்லை” என்று கத்திவிட்டும் கூடாது. குழாய்ச் சரிவு வைத்து மூடிய தொட்டியில் இறக்கலாம், அல்லது கட்டிய சாக்கில் இறக்கலாம். மொட்டைமாடியில் குவித்து வைப்பதிலும் கணக்கு உண்டு. வீட்டு அறைத் தளம் தன்மேல் தாங்க வேண்டியதாக இந்திய நெறி ஐ.எஸ். 875 தரும் பயன்பாட்டு எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. உடைத்த காங்கிரீட் 15 சென்டிமீட்டர் உயரம் குவிந்தாலே அந்த அளவு வந்துவிடும். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை பத்தை ஒரு மூலையில் அடுக்கினால் அதையும் தாண்டிவிடும். அன்றைய இடிபாடு அன்றே இறங்க வேண்டும்.

நுழைவாயிலுக்கு மேல் இரண்டடுக்குப் பலகைக் கூரை போட்டு, சாரத்தின் விளிம்புக்கு வெளியே இரண்டு மீட்டராவது அதை நீட்ட வேண்டும். ஸ்ட்ரெச்சர் திரும்பும் அகலம் இருக்க வேண்டும்.

மாடிப்படியைப் பற்றி ஒரே விதிதான்: அதில் எதுவும் வைக்கக் கூடாது. பெயின்ட் டின், தின்னர், டைல்ஸ் பெட்டி, சைக்கிள் எதுவும். பன்னிரண்டு வீட்டுக்கும் தப்பிக்கும் வழி அது ஒன்றே. கிரில்லுக்கு வெல்டிங் நடந்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் திரை, கீழே நிற்கும் பைக், சிலிண்டர் இருக்கும் பால்கனி மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே காவல் நிற்க வேண்டும், ஏனென்றால் பொறி உடனே எரிவதில்லை, புகைந்து கிடந்துதான் பிடிக்கும். மொட்டைமாடியில் கேஸ் பர்னரால் ஒட்டும் நீர்க்காப்பு ஷீட்டுக்கும் இதேதான்.

கரண்டை எந்த வீட்டுப் பிளக்கிலிருந்தும் எடுக்கக் கூடாது. தனி போர்டு, மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., காலையில் வேலை தொடங்கும் முன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது. இது ஒரு நிமிட வேலை. சுவருக்குள் ஒயர் போகும் வழியைக் குறிக்காமல் உளி வைக்கக் கூடாது. அந்த வீட்டு மெயினை அணைக்கும் முன் பதிவேட்டைப் பாருங்கள்: ஆக்சிஜன் கருவி இருக்கலாம், ஃபிரிட்ஜில் இன்சுலின் இருக்கலாம். இ.பி. லைன் சாரத்தை ஒட்டிப் போனால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் வந்து பார்த்த பிறகே சாரம் எழ வேண்டும். கம்பி 12 மீட்டர் நீளம் வருகிறது. அதை நிமிர்த்தும் கை லைனைப் பார்க்காது. கீழேயே வெட்டி, சிறிதாக்கி ஏற்ற வேண்டும்.

தூசியைத் தொல்லை என்று மட்டும் நினைப்பதுதான் பெரிய பிழை. காங்கிரீட்டையும் டைல்ஸையும் உலர்ந்தபடி அறுத்தால் பறக்கும் மிக நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும், திரும்ப வெளியேறாது. நீர் விட்டு அறுக்க வேண்டும், தொழிலாளிக்கு என்-95 முகக்கவசம் தர வேண்டும், துண்டு கட்டிக்கொண்டால் ஆகாது. வீட்டுக்குள் வேலை என்றால் அந்த அறைக் கதவைப் பிளாஸ்டிக் ஷீட்டால் ஒட்டி, ஜன்னலில் வெளிநோக்கி ஒரு ஃபேன் வையுங்கள். மாலையில் துடைப்பம் எடுக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். 2017 நவம்பரில்தான் வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவுக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற கட்டாய வரம்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருப்பதாகவே கொண்டு, தவழும் குழந்தை உள்ள வீட்டில் உலர் சாண்ட்பேப்பர் போடுவதைத் தடுத்துவிடுங்கள். கார் கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். உடைக்கவோ கிரைண்டர் வைக்கவோ கூடாது.

தண்ணீர்த் தொட்டிக்கு உள்பூச்சு அடிக்கும் நாளில் தொட்டிக்குள் காற்று ஊதும் ப்ளோயர், வாயில் ஒரு காவல் ஆள், இடுப்பில் கயிறு மூன்றும் வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் காவல் ஆள் இறங்காமல் கயிற்றை இழுக்க வேண்டும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து மாண்டுபோவது இப்படித்தான். வேலைக்காகப் பிடித்து வைக்கும் டிரம் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்க்காவிட்டால் டெங்கு கொசு அதிலேயே பெருகும்.

எல்லாரும் புரிந்துகொள்ளும்படி சொல்வதும் திட்டத்தின் பகுதிதான். நாளைக்கு எந்த வரிசையில் கொத்து, எந்த ஜன்னலை மூட வேண்டும், எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்பது முந்தின மாலையே வாட்ஸ்அப் குழுவிலும், படிவாயிலில் பெரிய எழுத்திலும் வர வேண்டும். வேலையாட்களில் பலர் வங்காளம், ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வருபவர்கள். எச்சரிக்கைப் பலகையில் தமிழோடு இந்தியோ வங்காளமோ வேண்டும், படம் இருந்தால் இன்னும் நல்லது. வேலையை உடனே நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று ஒரு பெயரை எழுதி வையுங்கள். செயலாளர், பொறியாளர், காண்ட்ராக்டர் மூவருக்கும் பொது என்றால் யாரும் நிறுத்தமாட்டார்கள். அதன் கீழே 108, 101, பக்கத்து மருத்துவமனைக்கான வழி. நாகர்கோவில் பகுதிக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பணம் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். சாரம், வலை, முட்டு, நடைபாதைக் கூரை, முகக்கவசம், தொழிலாளர் காப்பீடு ஒவ்வொன்றுக்கும் விலைப்பட்டியலில் தனி வரி வேண்டும். “எல்லாம் சேர்த்து” என்று ஒரே தொகையாக விலை கேட்டால், குறைந்த தொகை சொல்பவர் குறைப்பது இவற்றைத்தான். பிறகு வாதாட உங்களிடம் தாள் இருக்காது.

சாரத்தைப் பிரிக்கும் நாளுக்கும் திட்டத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வேலை முடிந்த மகிழ்ச்சியில் கட்டுகளை முதலில் கழற்றிவிடுவார்கள். மேலிருந்து ஒரு தட்டு இறங்கிய பிறகுதான் அந்தத் தட்டின் கட்டு கழல வேண்டும். ஆங்கர் ஓட்டைகளைச் சுருங்காத மோர்ட்டாரால் அடைத்து அதன்மேல் பெயின்ட் அடித்ததைப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.