சிவப்பு விளக்கு

"சார், இந்த மூட்டையை ஸ்கேனர் எடுக்க மாட்டேங்குது."

மூன்றாவது முறையும் சிவப்பு விளக்குதான். அதே சப்ளையர், அதே நிறச் சாக்கு, அதே லெசித்தின் - எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்க உணவில் சேர்க்கும் பொருள். எங்கள் உணவுத் தொழிற்சாலையின் உற்பத்தி லைன் நின்று பதினைந்து நிமிஷம். சாஃப்ட்வேரைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

சாக்கைத் திருப்பினேன். அடியில், பொடி எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை மாறியிருந்தது.

லெசித்தின் எதிலிருந்து எடுத்தது என்ற இடத்தில், சூரியகாந்திக்குப் பதில் சோயா.

காலையில் சரக்கு இறங்கும்போது ஸ்டோரில் புதிதாகச் சேர்ந்த பெண் அதைப் படித்து, அந்த லாட் எண்ணில் 'சோயா' என்று டிக் செய்திருக்கிறார். ரெசிபியில் சோயா இல்லை, அச்சடித்து வைத்த லேபிளிலும் இல்லை. சிஸ்டம் தடுத்துவிட்டது.

லேபிளில் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் ஐரோப்பாவில் 14. அமெரிக்காவில் 2023-இல் எள்ளும் சேர்ந்து 9. இரண்டிலும் சோயா உண்டு. எனக்கு மனப்பாடம்! ஆனாலும் சாக்கின் நிறத்தைப் பார்த்து 'அதேதான்' என்றவன் நான்.

அவர் டிக் செய்யாமல் விட்டிருந்தால் பச்சை விளக்கு எரிந்திருக்கும். நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

லைன் இன்னும் நிற்கிறது. குடோனில் பழைய லாட் நாலு மூட்டை தேறுமா என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.