மெட்டெல்லஸ் வீட்டு யானை

பள்ளிக்கூடத்தில் ரோமாபுரி வரலாறு என்று நான் நெட்டுருப் போட்டது மொத்தமே ஒன்றரைப் பக்கம்தான் இருக்கும். அதில் பெட்ரீஷியன் என்றால் பணக்காரன், பிளெபியன் என்றால் ஏழை என்று ஒரு வரி. அந்த வரி மண்டையிலிருந்து போக இருபது வருடம் ஆனது, போகவைத்தது மெட்டெல்லஸ் என்கிற ஒரே ஒரு குடும்பம்.

பெட்ரீஷியன் என்பது பிறப்புச் சங்கதி. விரல்விட்டு எண்ணக்கூடிய பழைய குலங்கள், அதில் பிறந்தால் உண்டு, பிறக்காவிட்டால் இல்லை. மீதி அத்தனை குடிமக்களும் பிளெபியன்கள்தான், அன்றாடங்காய்ச்சியும் சரி, கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் வைத்திருந்தவனும் சரி. அந்த வசதியான பிளெபியன்களுக்குக் காசு குறையில்லை, ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவி கிடைக்கவில்லை என்பதுதான் குறை. கி.மு. 367-இல் லிசினியஸ், செக்ஸ்டியஸ் என்ற இரண்டு டிரிபியூன்கள் (பிளெபியன்களின் பிரதிநிதிகள்) சட்டம் போட்டு அந்தக் கதவைத் திறந்தார்கள், மறு வருடமே அந்த செக்ஸ்டியஸ் கான்சல் ஆனார். சட்டம் எழுதிய கையோடு நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டார் என்பதை எப்போது படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

மெட்டெல்லஸ் வீட்டார் அந்த வாசலுக்கு வந்தது ரொம்ப லேட். கி.மு. 284-இல்தான் அந்த வீட்டின் முதல் கான்சல். ஆனால் அடுத்த தலைமுறையில் வந்த லூசியஸ் மெட்டெல்லஸ் இருக்கிறாரே, அவர்தான் ஆள். வட ஆப்பிரிக்கக் கரையின் கார்த்தேஜுடன் முதல் போர் நடந்துகொண்டிருந்தது, ரோமானியப் படைக்கு யானை என்றாலே கிலி. சிசிலியில் பனோர்மஸ், அதாவது இன்றைய பலெர்மோ, அந்த ஊர் மதிலுக்கு வெளியே அகழி வெட்டி, ஈட்டி எறிகிறவர்களை அதில் இறக்கி, யானைகள் கிட்டே வந்ததும் சரமாரியாக எறியச் சொன்னார். காயம்பட்ட யானைகள் மிரண்டு திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்தன. பிடிபட்ட யானைகள் 142 என்றும் 140 என்றும் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். பெரிய ஜாடிகளை வரிசையாகக் கட்டி, அதன்மேல் தெப்பம் அமைத்து, கடலைத் தாண்டி இத்தாலிக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அந்த வீட்டு ஆட்கள் காசு அடிக்கும் பொறுப்புக்கு வந்தபோது பல தடவை நாணயத்தில் யானையைப் போட்டார்கள். குடும்ப முத்திரை மாதிரி.

இதே லூசியஸ் பின்னால் தலைமைப் பூசாரியாகவும் இருந்தார். கி.மு. 241-இல் அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் கோயிலில் தீப்பிடித்தபோது உள்ளே ஓடிப்போய்ப் புனிதச் சிலையை மீட்டார், அதில் கண் போய்விட்டது என்று ஒரு கதை உண்டு. கண் போனவர் அதற்கப்புறம் சர்வாதிகாரி பதவிகூட வகித்திருக்கிறார் என்பதால் நான் இதைப் பாதிதான் நம்புகிறேன். கி.மு. 221-இல் அவர் இறந்தபோது மகன் பேசிய இரங்கல் உரையின் சாரம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அப்பா பத்து விஷயங்களுக்கு ஆசைப்பட்டார், பத்தையும் அடைந்தார் என்று பட்டியல்: முதல்தர வீரன், நல்ல பேச்சாளர், துணிந்த தளபதி, பெரிய அறிவாளி என்று போய், நல்ல வழியில் நிறையப் பணம், நிறையப் பிள்ளைகள் என்று வந்து, ஊரிலேயே பெரிய மனுஷன் என்பதில் முடிகிறது. தயக்கமே கிடையாது, அடக்கமும் கிடையாது.

அந்த மகன் கி.மு. 206-இல் கான்சல் ஆனார். நாடகக் கவி நேவியஸ் ஒரு வரி எழுதினார்: விதியால் மெட்டெல்லஸ்கள் ரோமில் கான்சல் ஆகிறார்கள். லத்தீனில் அதையே 'ரோமின் கெட்ட காலத்துக்கு' என்றும் வாசிக்கலாம், வம்பே அங்கேதான். அந்த வீட்டார், கவிஞர் நேவியஸுக்கு மெட்டெல்லஸ்கள் கெடுதல் செய்வார்கள் என்று பதில் வரி சொன்னதாகவும், நேவியஸ் சிறைக்குப் போனதாகவும் சொல்கிறார்கள்.

இங்கிருந்து பெயர்க் குழப்பம் ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் குயின்டஸ் அல்லது லூசியஸ், குலப் பெயர் கைக்கிலியஸ், கிளைப் பெயர் மெட்டெல்லஸ். யார் எவர் என்று தெரிய நாலாவதாக ஒரு பெயர் ஒட்ட வேண்டியிருந்தது, அதற்கு ஜெயித்த நாடுகளை எடுத்துக்கொண்டார்கள்: மாசிடோனிகஸ், பலியாரிகஸ், டால்மாடிகஸ், நுமிடிகஸ், கிரெட்டிகஸ். ஏதோ அட்லஸைத் திறந்து வைத்துப் பெயர் சூட்டினது போல. எல்லாருக்கும் நாடு கிடைக்கவில்லை, பாவம், ஒருவர் நெற்றிப் புண்ணுக்கு நாள்கணக்கில் கட்டுப் போட்டிருந்ததால் டயடெமாட்டஸ், தலைக்கட்டுக்காரர்.

மாசிடோனிகஸ் கதைதான் எனக்குப் பிடித்தது. கி.மு. 131-இல் இவர் சென்சார் (சினிமா சென்சார் இல்லை, குடிக்கணக்கு எடுப்பதும் செனட்டர் பட்டியலைச் சலிப்பதும் இவர்கள் வேலை). அந்த வருடம்தான் முதல்முறையாக இரண்டு சென்சார்களுமே பிளெபியன்கள். பிளெபியன்களுக்குப் பெரிய நாள் என்று நினைப்போம், ஆனால் இவர் செனட்டிலிருந்து பெயரடித்த லாபியோ என்ற டிரிபியூன், இவரை நடுத்தெருவில் மடக்கி, துரோகிகளைத் தள்ளிக் கொல்லும் டார்பியன் பாறையிலிருந்து தள்ளப் போகிறேன் என்று இழுத்துக்கொண்டு போனார். டிரிபியூன் பதவியே பிளெபியன்களைக் காப்பாற்ற வந்த பதவி. இன்னொரு டிரிபியூன் குறுக்கே வந்ததால் உயிர் தப்பியது. கி.மு. 115-இல் இவர் இறந்தபோது பாடை தூக்கிய நாலு மகன்களில் மூவர் கான்சல் ஆகியிருந்தார்கள், நாலாவது ஆள் இரண்டு வருடம் கழித்து ஆனார். கி.மு. 123 முதல் 109 வரை, பதினைந்தே வருடத்தில், இந்த ஒரு வீட்டிலிருந்து ஆறு கான்சல்கள்!

இந்த உச்சத்தில்தான் மேரியஸ் வருகிறார். அர்ப்பினம் பக்கத்துக் கிராமத்து ஆள், பிளெபியன், மெட்டெல்லஸ் வீட்டு ஆதரவில் அரசியலுக்கு வந்தவர். வட ஆப்பிரிக்காவில் நடந்த நுமிடியாப் போரில் தளபதி மெட்டெல்லஸின் கீழே இருந்துகொண்டு, கான்சல் தேர்தலில் நிற்க ரோமுக்குப் போய்வர லீவு கேட்டார். மெட்டெல்லஸ் சொன்ன பதில்: என்ன அவசரம், என் பையன் நிற்கும்போது நீயும் நில்லு. பையனுக்கு அப்போது இருபது வயது, மேரியஸ் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே பிளெபியன்கள், சட்டத்தின் கண்ணில் ஒரு வித்தியாசமும் கிடையாது. முன்னோர்கள் காத்துக்கிடந்து உள்ளே நுழைந்த அதே வாசலில் நின்றுகொண்டுதான் இவர் அப்படிச் சொன்னார். மேரியஸ் விடவில்லை, போனார், கி.மு. 107-க்குக் கான்சல் ஆனார், மெட்டெல்லஸின் போரையே அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். நுமிடிகஸ் என்ற பட்டம் மட்டும் மெட்டெல்லஸுக்கு மிஞ்சியது.

தளபதி சுல்லாவின் கல்யாணத்தையும் சொல்லியாக வேண்டும். சுல்லா அசல் பெட்ரீஷியன், கான்சல் வேறு. அவர் டால்மாடிகஸின் மகள் கைக்கிலியா மெட்டெல்லாவைக் கட்டியபோது பெரிய இடத்து ஆட்கள் முகம் சுளித்தார்கள். கான்சல் பதவிக்குத் தகுதி என்று அவர்கள் ஒத்துக்கொண்ட ஆள் இந்தப் பெண்ணுக்குத் தகுதியில்லையாம். பிளெபியன் வீட்டுப் பெண்ணுக்கு பெட்ரீஷியன் மாப்பிள்ளை பற்றாது! என் ஒன்றரைப் பக்கப் பாடத்தில் இதை எங்கே வைப்பது?

கடைசியில் ஸ்கிபியோ வீட்டு ஆண்பிள்ளை ஒருவரே மெட்டெல்லஸ் வீட்டுக்குத் தத்து வந்தார். ஹானிபாலைத் தோற்கடித்த ஸ்கிபியோ பிறந்த குலம், அதைவிடப் பெரிய பெட்ரீஷியன் பெயர் ரோமில் தேடினாலும் கிடைக்காது. அவரும் சீசருக்கு எதிராக ஆப்பிரிக்காவில் படை திரட்டியபோது அடித்த காசில், மெட்டெல்லஸ் பயஸ் ஸ்கிபியோ என்ற பெயரோடு யானையைப் போட்டார். படையிலும் நிஜ யானைகள் இருந்தன. கி.மு. 46, தாப்சஸ் போர்க்களம். சீசரின் ஆட்கள் அம்பும் கவண்கல்லுமாக அடித்ததில் யானைகள் மிரண்டு திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்தன. ஸ்கிபியோ கப்பலேறித் தப்பப் பார்த்து, வழியில் எதிரிகள் மடக்கியதும் வாளால் குத்திக்கொண்டார். தளபதி எங்கே என்று கேட்டவர்களிடம், தளபதி நன்றாகவே இருக்கிறார் என்றாராம்.

யானைகளை எதிர்த்து நின்றது சீசரின் ஐந்தாவது லெஜியன், அதாவது படைப்பிரிவு. அதன் கொடியில் அப்புறம் யானைச் சின்னம் ஏறியது, ஏறத்தாழ இருநூறு வருடம் கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் அப்பியன்கூடத் தன் காலத்திலும் அந்தச் சின்னம் இருக்கிறது என்கிறார்.